தேரி மண்ணில் புல்தரை: அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

திசையன்விளை, இட்டமொழி, சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துச் செந்தேரியிலும் (சிவந்த மணல்மேட்டு நிலம்), உவரி, இடிந்தகரை மாதிரி கடலோர வெள்ளை மணலிலும் வீடு கட்டியவர்கள், வாசலில் கொஞ்சம் புல் வேண்டும் என்று வரும்போது திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் ஒரு சென்ட்டுக்கு, அதாவது 435 சதுர அடிக்கு (சுமார் 40 சதுர மீட்டர்). உங்கள் இடம் அரை சென்ட் என்றால் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

1. எங்க வீட்டு முன்னால பூரா தேரி மண்ணு. பனையும் உடைமரமும் தவிர ஒண்ணும் நிக்காத இடத்துல புல்லு வருமா அண்ணாச்சி?

வரும். தேரி மணலில் விஷம் எதுவும் இல்லை, பிடிமானம்தான் இல்லை. ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மக்குச் சத்து இல்லாததால் மண்ணுக்கென்று சொந்தச் சேமிப்பும் கிடையாது. மற்றபடி மணலில் வேர் சுலபமாக ஓடும், காற்றோட்டம் இருக்கும், ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டி அழுகாது. உலகமெங்கும் கோல்ஃப் மைதானங்களில் பந்து உருட்டும் இடத்தை வேண்டுமென்றே மணல் கொட்டித்தான் அமைக்கிறார்கள்.

ஆகவே இந்த மண்ணுக்கு ஒரே கணக்குதான்: எதையும் கொஞ்சமாகக் கொடு, அடிக்கடி கொடு. கரிசல்காட்டுப் பழக்கத்தில் வாரம் ஒரு தரம் தொம்மென்று தண்ணீர் விடுவதும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் உரத்தை அள்ளி வீசுவதும் இங்கே செல்லாது. கீழே வருகிற பதில்களில் பாதி இந்தக் கணக்கின் விளக்கம்தான்.

2. நம்ம மண்ணு எவ்வளவு மணலுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஒரு கை மண்ணை நனைத்து உருண்டை பிடியுங்கள். உருண்டையே நிற்காமல் உதிர்ந்தால் சுத்த மணல். உருண்டை நின்று, விரலிடுக்கில் பட்டையாக இழுத்தால் உடனே அறுந்து போனால் கொஞ்சம் களி இருக்கிறது.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டு, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள்வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. பத்தில் ஒன்பது பங்கு முதல் நிமிடத்திலேயே படிந்துவிட்டால், 4-வது பதிலில் உள்ள முழு அளவும் உங்களுக்கு வேண்டும்.

3. ஒரு லோடு செம்மண்ண அடிச்சு மேல ரெண்டு இஞ்சு பரத்தி, அதுல புல்லு பாய விரிச்சாப் போதும்னு சொல்லுதாங்களே?

இங்கே செத்துப்போகிற புல்தரைகளில் பெரும்பாலானவை இப்படிப் போட்டவைதான். ஒரே நாளில் வேலை முடியும், பார்க்கவும் ஜோராக இருக்கும், நாலைந்து மாதம் தாங்கவும் செய்யும். சித்திரை வெயில் ஏறியதும் திட்டுத் திட்டாகக் கருகும்.

காரணம் அடுக்கு. பொடி மண்ணுக்கு அடியில் பருமணல் இருந்தால், மேல் அடுக்கு முழுக்க ஊறி நிரம்பும்வரை தண்ணீர் கீழே இறங்காது. மேல் இரண்டு அங்குலம் சேறு, அதற்குக் கீழே புழுதி என்று நிற்கும். ஈரம் இல்லாத இடத்துக்கு வேர் போகாது. கருகின புல்தரையில் மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டி ஓரத்தைப் பாருங்கள்: மேலே செம்மண் பட்டை, அதன் அடிவிளிம்பு வரைக்கும் வேர் இறங்கி, அங்கே முட்டி அப்படியே பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கீழே உள்ள மணலில் ஒரு வேர்கூட இருக்காது, விரலால் தொட்டால் உதிரும். இரண்டு அங்குல மண்ணில் இருக்கிற ஈரம் நம் ஊர் வெயிலுக்கு ஒரு பொழுதுகூடத் தாங்காது.

செம்மண்ணோ கரம்பையோ (குளத்தில் அள்ளும் வண்டல் களி), கொண்டுவந்ததை மேலே பரத்தினால் பாதி வேலைதான். ஆறு அங்குல ஆழத்துக்கு மணலோடு கலக்க வேண்டும்.

4. அப்போ என்னத்த, எவ்வளவு கலக்கணும்? லோடு கணக்குல சொல்லுங்க.

ஒரு அங்குல கனத்துக்குக் குளத்துக் கரம்பை, ஒரு அங்குல கனத்துக்கு நன்றாக மக்கிய தொழு உரம். சென்ட்டுக்கு ஒவ்வொன்றும் 36 கன அடி, இரண்டும் சேர்ந்து 72 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்பதால், மொத்தம் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதோடு சூப்பர் பாஸ்பேட் இரண்டரைக் கிலோ, வேப்பம் புண்ணாக்கு ஐந்து கிலோ.

கரம்பையைக் காய்ந்த பிறகுதான் கலக்க வேண்டும். ஈரக் கட்டியாகப் போட்டால் பத்து வருடமானாலும் மணலுக்குள் கட்டியாகவே கிடக்கும். வெயிலில் பரத்தி, சம்மட்டியால் தட்டி, கொத்தனார் சல்லடையில் ஒரு தரம் சலித்துவிடுங்கள். கரம்பை நல்லது என்று மூன்று நான்கு அங்குலம் போடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் மேலே தரை இறுகும், காய்ந்தால் வெடிக்கும். மணலின் நல்ல குணமும் போய்விடும். குளத்தில் அள்ள அனுமதி வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

கல், வேர், கட்டட இடிபாடு எல்லாம் பொறுக்கிவிட்டு, இரண்டையும் பரத்தி, மம்பட்டியால் ஆறு அங்குலம் கொத்திப் புரட்டுங்கள். ஒரு தரம் நெடுக்காக, ஒரு தரம் குறுக்காக. மட்டப்பலகையால் இழுத்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு வரும்படி விடுங்கள். தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று நாள் படிய விட்டு, மேலே நடந்து பாருங்கள். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் புதைந்தால் இன்னும் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு (கட்டையால் இடித்து) இறுக்க வேண்டும். உடனே நட்டுவிடாதீர்கள்; ஏன் என்பது 14-ல்.

5. தொழு உரம் கிடைக்கல. ஆட்டுப் புழுக்கை இருக்கு, தென்னை நார்க் கழிவு இருக்கு. எது தேவல?

இரண்டும் ஆகும், அப்படியே போடக்கூடாது. ஆட்டுப் புழுக்கையில் சீமை உடை (சீமைக் கருவேலம்) விதை முழுசாக வரும். ஆட்டின் வயிற்றில் அது செரிப்பதில்லை, நன்றாக முளைப்பதற்குத்தான் பக்குவப்படுகிறது. குவித்து, நனைத்து, இரண்டு மூன்று மாதம் மக்கவைத்து, இடையில் இரண்டு தரம் புரட்டிப் போட்டால் குவியலின் சூட்டில் பெரும்பாலான விதை செத்துவிடும்.

பச்சை நார்க் கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். அது மக்கும்போது மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் தான் இழுத்துக்கொள்ளும், புல் மஞ்சளாகும். மக்கவைத்த நார்க் கழிவாகப் பார்த்து வாங்குங்கள்: நிறம் கறுத்திருக்க வேண்டும், கையில் பிழிந்தால் காப்பி நிறத் தண்ணீர் வரக்கூடாது. ஈரம் பிடித்து வைப்பதில் இதற்கு இணை இல்லை. ஆனாலும் இதை மட்டும் போட்டால் கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். தொழு உரத்தின் பங்கில் பாதிக்கு மேல் வேண்டாம்.

6. எந்தப் புல்லு போடலாம்? நர்சரில கொரியன்தான் நல்லதுங்காங்க.

கொரியன் புல் பார்வைக்கு அழகு, பஞ்சு மாதிரி இருக்கும். மெதுவாக வளரும், வெட்டு வேலை குறைவு. ஆனால் ஒரு தரம் கருகினால் திரும்ப மூட மாதக்கணக்காகும். தினசரி தண்ணீர் உறுதியாக உண்டு, ஆள் நடமாட்டம் குறைவு என்றால் போடலாம்.

எங்களைக் கேட்டால் தேரிக்கு அருகம்புல் வகைதான். நர்சரியில் பெர்முடா என்பதும் அருகம்புல் இனம்தான், இலை இன்னும் மெல்லிசு. தரைக்குக் கீழேயும் மேலேயும் கொடி ஓடுவதால், காய்ந்து போனாலும் ஒரு மழைக்குத் தழைக்கும். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். வாய்க்கால் வரப்பில் கிடைக்கிற நாட்டு அருகம்புல்லையே நடலாம், காசு செலவில்லை. வெட்டாமல் விட்டால் காடாகும் என்பது ஒன்றுதான் குறை.

கடலுக்கு மிக அருகில், கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் பாஸ்பலம் என்ற கடலோரப் புல்லை விசாரித்துப் பாருங்கள். புல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்குப் பொடுதலை இருக்கிறது. ஈரம் உள்ள மணலில் தரையோடு படர்ந்து பச்சையாக மூடும், மிதித்தாலும் தாங்கும், வெட்டவே வேண்டாம். பூக்கிற காலத்தில் தேனீ வரும், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும்போது கவனம்.

7. எந்த மாசம் நடணும்?

ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி பாதிக்குள். தென்மேற்குக் காற்று அடங்கியிருக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடிக்க மூன்று நான்கு வாரம் கிடைக்கும். அது தவறினால் தை. ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் ஒரு பெருமழை மணலோடு நாற்றையும் தெருவுக்குக் கொண்டுபோகும். ஆனி, ஆடியில் காற்று, பங்குனி, சித்திரையில் வெயில். புதுமனை புகுவிழாவுக்குள் புல் வேண்டும் என்று சித்திரையில் நடுகிறவர்கள் தண்ணீர் லாரிக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

8. பாயா விரிக்கதா, கொடியா நடுததா?

அருகம்புல்லுக்குக் கொடி நடவுதான் லாபம். ஒரு சதுர அடிப் புல்லைப் பிரித்தால் ஏழெட்டுச் சதுர அடிக்கு நடலாம். மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, மூன்று அங்குல இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்கும்படி சாய்த்து நட்டு, பெருவிரலால் அழுத்துங்கள். அழுத்தாமல் விட்டால் கணுவைச் சுற்றிக் காற்று நின்று வேர் வராது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தரை மூடும். வெட்டிய கொடியை ஈரச் சாக்குக்குள் நிழலில் வைத்து, அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

பாய் விரிப்பதானால் முதலில் பாயைப் புரட்டி அடியில் என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். கெட்டிக் களியில் வளர்த்த பாய் என்றால் 3-ல் சொன்ன அடுக்குச் சிக்கல் பாயோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. அந்த மண்ணை முடிந்தவரை உதறியோ கழுவியோ விரியுங்கள். இரண்டு பாய்க்கு நடுவே இடுக்கு விடாதீர்கள். காற்று புகுந்து ஓரம் சுருளும்.

9. தண்ணி எவ்வளவு விடணும்? தினமும் விடணுமா?

கலவை போட்ட ஆறு அங்குல மண், புல் வாடாமல் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஐந்தாறு லிட்டர்தான். வெயில் மாதத்தில் புல் ஒரு நாளைக்குக் குடிப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆகவே பங்குனியிலிருந்து ஆவணிவரை சென்ட்டுக்குத் தினம் 200 முதல் 240 லிட்டர். ஒரே நாளில் 500 லிட்டர் விட்டுவிட்டு மறுநாள் விடாமல் இருந்தால் பாதிக்கு மேல் வேருக்குக் கீழே போய்விடும், மறுநாள் புல் வாடவும் செய்யும். தை, மாசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழை நாளில் ஒன்றும் வேண்டாம்.

ஓஸில் எவ்வளவு வருகிறது என்று ஒரு தரம் அளந்துகொள்ளுங்கள். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் 200 லிட்டருக்குப் பதினான்கு நிமிடம். விடியுமுன் விடுவது நல்லது. காற்று குறைவு, வெயிலுக்கு முன் வேருக்குப் போய்ச் சேரும். புல் தாகமாக இருப்பதை அதுவே சொல்லும்: பச்சை மங்கிச் சாம்பல் நீலமாகத் தெரியும், மிதித்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும்.

வெயில் காலத்தில் மாதத்துக்குச் சென்ட்டுக்கு 6,000 லிட்டருக்குக் குறையாது என்பதை நடுவதற்கு முன்னால் யோசியுங்கள். இரண்டு சென்ட்டுக்கு மேல் தேரியில் புல் போடுவது வீண் என்பது எங்கள் எண்ணம்.

10. தண்ணி உள்ள எறங்கவே மாட்டேங்கு. முத்து முத்தா உருண்டு ஓடுது. மணல்ல இப்படி நடக்குமா?

நடக்கும். மக்கிய இலை, வேர் இவற்றிலிருந்து வருகிற மெழுகு மணல் குருணையைப் பூசிக்கொள்ளும். ஒரு தரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மணல் தண்ணீரை ஒதுக்கும். காய்ந்த திட்டில் புல்லை விலக்கி ஒரு சொட்டு விடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் உருண்டையாக நின்றால் இந்தக் கோளாறுதான்.

அந்த இடத்தில் முள்கரண்டி மாதிரியான கம்பியால் நாலு அங்குல ஆழத்துக்கு, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி தெளியுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. முதல் சுற்று மணலைப் பழக்கும், அடுத்த சுற்று உள்ளே போகும். பிறகு அந்தத் திட்டை முழுசாகக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

11. எங்க போர்த் தண்ணி உப்பு. புல்லுக்கு விடலாமா?

எவ்வளவு உப்பு என்று பாருங்கள். குடிதண்ணீர் இயந்திரக்காரர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும்; லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். 450-க்குள் என்றால் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை அருகம்புல் தாங்கும், ஆனால் பக்குவம் வேண்டும். 2,000-க்கு மேல் பாஸ்பலம் தவிர வேறெதற்கும் முயற்சி வேண்டாம். சோடியம் எவ்வளவு என்பது மீட்டரில் தெரியாது. அதற்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம்; கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

பக்குவம் என்றது இதை: தினம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரடியில் சேரும். அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு விட்டு உப்பைக் கீழே தள்ள வேண்டும். 9-ல் சொன்னதற்கு இது மாறாகத் தெரியலாம். அங்கே வீண் என்றது வேருக்குக் கீழே போகிற நல்ல தண்ணீரை; இங்கே நமக்கு வேண்டியதே உப்பு கீழே போவதுதான். இதில் மணல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், களிமண்ணில் இப்படிக் கழுவ முடியாது. இலை நுனி வெள்ளையாகக் காய்வது உப்பின் முதல் அடையாளம்.

12. யூரியா போட்டா நாலு நாளு பச்சப்பசேல்னு இருக்கு, பொறவு பழைய குருடி கதவத் திறடி. ஏன்?

யூரியா தண்ணீரில் கரைந்து மணல் வழியே போய்விடுகிறது, அவ்வளவுதான். அளவைக் கூட்டினால் கூடுதலாகப் போகும். போவது உங்கள் கிணற்றுக்கே போகும். அருகம்புல்லுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் சென்ட்டுக்கு 200 கிராம். கொரியனுக்கு அதில் பாதி. பொட்டாஷும் இதே மாதிரி ஓடிப்போகும் சரக்கு என்பதால் மாதம் 100 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர்க்காரர்கள் சல்பேட் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது.

200 கிராமைக் கையால் வீசினால் சமமாக விழாது. இரண்டு கிலோ காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவுங்கள். இலையில் பனியோ ஈரமோ இருக்கும்போது தூவினால் குருணை ஒட்டிய இடமெல்லாம் கரும்புள்ளியாக எரியும். தூவியதும் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உரம் போடுவது ஆற்றில் கரைத்த புளி.

அவசரமில்லாதவர்கள் கடலைப் புண்ணாக்கு மாதம் ஒன்றரைக் கிலோ பொடி செய்து தூவலாம். மெதுவாகக் கரைவதால் மணலில் தங்கும். எறும்பு வரும், தண்ணீர் தெளித்தால் அடங்கும்.

13. யூரியா போட்டும் மஞ்சளாவே இருக்கே?

எந்த இலை மஞ்சள் என்று குனிந்து பாருங்கள். அடி இலை, பழைய இலை முழுக்க வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறை, 12-ன்படி செய்யுங்கள். நுனியில் வருகிற இளம் இலை வெளிறி, அதில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. கிளிஞ்சல் கலந்த கடலோர மணலில் இது சகஜம்: சுண்ணாம்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே ஒரு எலுமிச்சம்பழச் சாறு, பத்து லிட்டர் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தரம். மண்ணில் போட்டால் அதையும் சுண்ணாம்பு விழுங்கிவிடும். டைல்ஸ், சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை விழும், பிறகு லேசில் போகாது. ஓரத்தில் சாக்கை விரித்துவிட்டுத் தெளியுங்கள். இப்படிப்பட்ட மண்ணில் யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் 450 கிராம் போடுவது மேல்.

14. புல்லவிடக் கோரைதான் சாஸ்தியா வருது. பிடுங்கப் பிடுங்க வருதே?

கரம்பையோடு வந்த கிழங்கு அது. மேலே பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும், கிழங்கு அடியில் நின்று இரண்டாகத் தளிர்க்கும். இதற்காகத்தான் 4-ல் உடனே நடவேண்டாம் என்றோம். தரையைச் சமன் செய்து, வெறும் மண்ணுக்கு மூன்று வாரம் தண்ணீர் தெளியுங்கள். முளைத்து வருகிற ஒவ்வொன்றையும் சிறு கம்பியால் குத்தித் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். நெருஞ்சியும் சீமை உடையும் இதிலேயே வெளிப்படும். முடிந்தால் இன்னொரு மூன்று வாரம்.

நட்ட பிறகு வந்தால் ஐந்தாறு இலை விடுவதற்குள் தோண்டுங்கள். அதற்குப் பிறகு புதுக் கிழங்கு வைத்துவிடும். கோரையை மட்டும் கொல்லும் ஹாலோசல்ஃப்யூரான் என்ற மருந்து இருக்கிறது, புல் ஊன்றிய பிறகு அட்டையில் சொன்ன அளவுக்கு மட்டும் அடிக்கலாம். களைக்கொல்லி என்று பொதுவாகக் கேட்டால் கடையில் கிளைபோசேட்டைக் கொடுப்பார்கள். அது புல்லையும் சேர்த்துக் கொல்லும்.

15. எவ்வளவு உயரத்துக்கு வெட்டணும்?

ஒன்றரை அங்குலம். வெயில் காலத்தில் இரண்டு. ஒரு தரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஒட்ட வெட்டினால் மணலில் வெயில் நேராக இறங்கி வேரைச் சுடும். வெட்டிய துணுக்கு பொடியாக இருந்தால் அங்கேயே விடுங்கள். இந்த மண்ணுக்கு அதுவும் உரம்.

16. ஆடிக் காத்துல ரோட்டு மணலெல்லாம் புல்லு மேல வந்து மூடிருது.

மதில் சுவரை உயர்த்துவதால் தீராது. கெட்டிச் சுவரைத் தாண்டிய காற்று சுழன்று விழும், மணலை அங்கேயே கொட்டும். காற்று கொஞ்சம் புகுந்து போகிற பனையோலைத் தட்டி அல்லது கிளுவை வேலி நல்லது. நாலடித் தட்டிக்குப் பின்னால் நாற்பதடி வரைக்கும் காற்றின் வேகம் தணிந்திருக்கும். மேற்கிலும் தென்மேற்கிலும் வையுங்கள்.

கால் அங்குலம் மணல் விழுந்தால் விளக்குமாற்றால் லேசாகத் தட்டிவிடுங்கள், புல் ஏறி வந்துவிடும். அரை அங்குலத்துக்கு மேல் என்றால் வாரி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அதுவும் ஓர் அடுக்காகும்.

17. வேப்ப மரத்தடியில மட்டும் புல்லு நிக்கவே மாட்டேங்கு.

அருகம்புல்லுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் வேண்டும். உரம், தண்ணீர் கூட்டிப் பயனில்லை. அகல இலையுள்ள பஃபல்லோ புல் பாதி நிழலில் நிற்கும். முழு நிழல் என்றால் வட்டமாக விட்டுச் சருகு பரப்பி, ஒரு கல் பெஞ்சு போடுங்கள். நிழலுக்கு அதுதான் சரி.

18. வாஷிங் மெஷின் தண்ணிய ஓஸ் வச்சு விட்டா என்ன?

சோப்பில் சோடியம் இருக்கிறது. களியோடு சோடியம் சேர்ந்தால் களி கரைந்து மேலே பொருக்காகப் படியும். கரம்பை கலந்த தரையில் தினசரி வேண்டாம். அலசிய தண்ணீரை மட்டும், வாரத்தில் இரண்டு நாள், இடம் மாற்றி மாற்றி விடலாம். வெளுப்புத் தூள் போட்ட அன்று விடக்கூடாது. இந்தத் தண்ணீர் பாய்கிற இடத்துக்கு வருடத்துக்கு ஒரு தரம் மழைக்கு முன்னால் ஜிப்சம் சென்ட்டுக்கு மூன்று கிலோ தூவுங்கள்.

19. அடியில தார்ப்பாய் விரிச்சு மேல மண்ணு போட்டா தண்ணி நிக்கும்லா?

நிற்கும். ஐப்பசியிலும் நிற்கும், அதுதான் கோளாறு. ஒரு வாரம் நின்றால் வேர் அழுகும். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு 11-ல் சொன்ன கழுவலும் முடியாமல் போகும். ஈரம் பிடிக்கும் ஜெல் குருணையும் சிலர் கேட்கிறார்கள். நல்ல தண்ணீரில் அது ஊதும், உப்புத் தண்ணீரில் பாதிகூட ஊதாது. அந்தக் காசுக்கு இன்னொரு வண்டி தொழு உரம் வாங்கலாம்.

20. திட்டுத் திட்டாக் காஞ்சு, இழுத்தா பாய் மாதிரிக் கையோட வருது?

வேரை வெள்ளைப் புழு தின்றுவிட்டது. அடியில் ஆங்கில எழுத்து ‘சி’ மாதிரி வளைந்த, பழுப்புத் தலையுள்ள புழு கிடக்கும். கோடை மழைக்குப் பிறகு இரவில் வேம்பிலும் முருங்கையிலும் மொய்க்கிற வண்டு மண்ணில் இட்ட முட்டையிலிருந்து வந்தது. அந்த நாட்களில் சாயங்காலம் மரத்தை உலுக்கி, விழுகிற வண்டைச் சோப்புத் தண்ணீரில் போடுவது பாதி வைத்தியம். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய உரத்தில் கலந்து ஈரத் தரையில் தூவுவது மீதி. காய்ந்த திட்டில் புழு இல்லை, மண்குழாய் மட்டும் தெரிகிறது என்றால் கரையான். அது செத்த புல்லைத் தின்ன வந்தது, காய்ந்ததற்குக் காரணம் வேறு, 10-ஐப் பாருங்கள்.

21. நீங்க 3-ல சொன்ன தப்ப நாங்க ரெண்டு வருசம் முன்னாலயே செஞ்சாச்சு. தோண்டாம சரி பண்ண முடியுமா?

செம்மண் அடுக்கு இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் முயன்று பார்க்கலாம். முக்கால் அங்குல ஜிஐ குழாயில் ஒரு முழத் துண்டை அறுத்து, முனையை உள்பக்கம் அரத்தால் கூராக்கி, ஈரத் தரையில் நாலு அங்குலம் அடித்து உருவுங்கள். மண் குச்சி மாதிரி வெளியே வரும். ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் போட்டால் சென்ட்டுக்கு 1,700-க்கு மேல் ஆகும். இரண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை. உருவின மண்ணை வாரிவிட்டு, அந்த இடத்து மணலும் சலித்த தொழு உரமும் சம அளவு கலந்து, கால் அங்குலக் கனத்துக்கு, அதாவது 9 கன அடி பரத்தி, விளக்குமாற்றால் துளைக்குள் தள்ளுங்கள். ஆவணியில் ஒரு தரம், தையில் ஒரு தரம்.

இரண்டாவது தரம் முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். துளை வழியே வெள்ளை வேர் மணலுக்குள் இறங்கியிருந்தால் அடுத்த வருடமும் தொடரலாம். இன்னும் செம்மண் விளிம்பிலேயே திரும்பி நின்றால், அல்லது அடுக்கு நாலு அங்குலம் என்றால், புல்லை உரித்து நிழலில் ஈரச் சாக்கு போட்டு வைத்துவிட்டு, அந்தச் செம்மண்ணையே மணலோடு ஆறு அங்குலம் கொத்திக் கலந்து, திரும்ப நடுங்கள். செம்மண் ஏற்கெனவே இருப்பதால் கரம்பை வாங்க வேண்டாம், தொழு உரம் மட்டும் போதும்.